நிற்காமல் ஓடும் கொம்பிரசர்: எறிய முதல் சவர்க்காரத் தண்ணீரும் ஒரு மணிக்கூடும்

உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கப்பல் மாதிரிகளுக்கு எயார்பிரஷால், அதாவது காற்றால் நிறத்தைத் தூவும் பேனா போன்ற கருவியால், நிறம் அடிக்க நாலு வருடத்துக்கு முன் சின்னக் கொம்பிரசர் ஒன்று வாங்கினார். 3 லீற்றர் தாங்கி உள்ளது. முன்பெல்லாம் தாங்கி நிறைந்ததும் தானாக நிற்கும், இப்போது நிற்பதில்லை. காற்றமுக்கத்தைக் காட்டும் மானி 35 பிஎஸ்ஐயைத் தாண்டுவதில்லை. அரை மணித்தியாலத்தில் கை வைக்க முடியாத சூடு, பிறகு தானாகவே ஓய்ந்துவிடுகிறது. போன கிழமையிலிருந்து சில நேரம் உறுமுகிறதே தவிரச் சுற்றுவதில்லை. காற்று இழுக்கும் ஓட்டைக்குள் தையல் மெஷின் எண்ணெய் நாலு துளி விட்டுப் பார்த்தாராம், பலனில்லை. திருத்தலாமா, புதிது வாங்குவதா, டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் போதுமா, சும்மா கிடைக்கும் பழைய பிரிட்ஜ் கொம்பிரசரைப் போடலாமா என்பது கேள்வி.

முதலில் அந்த எண்ணெயைப் பற்றி. இனி விடாதீர்கள். இந்த வகைக் கொம்பிரசர் எண்ணெய் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பிஸ்டன் தலையில் கார் எஞ்சினில் இருப்பது போல இரும்பு வளையம் கிடையாது. டெஃப்லோன் கலந்த, சின்னக் கிண்ணம் மாதிரியான ஒரு சீல்தான் இருக்கும். அது காய்ந்த சிலிண்டரில் உரசிக்கொண்டு மேலும் கீழும் போகும். உரசும்போது மாவு போலத் தூள் விழும், அது இயல்பு. எண்ணெய் பட்டால் அந்தத் தூள் களிம்பாகி வால்வுத் தகட்டில் போய் ஒட்டும். மிச்ச எண்ணெய் காற்றோடு கலந்து எயார்பிரஷ் வரைக்கும் வரும். அடித்த நிறம் அங்கங்கே வட்ட வட்டமாக விலகி, நடுவில் அடித்தளம் மீன் கண் மாதிரித் தெரிந்தால் அது எண்ணெயின் வேலை. நாலு துளி என்றபடியால் தப்பலாம். ஆனாலும் மெஷினைத் திருத்திய பிறகு ஒரு பழைய வெள்ளைத் தகட்டில் காற்றை மட்டும் ஐந்து நிமிடம் அடித்துப் பாருங்கள். தகட்டில் மினுக்கம் தெரிந்தால் ஹோஸையும், காற்றிலிருக்கும் தண்ணீரைப் பிடிக்கும் ட்ராப்பையும் கழுவாமல் கப்பலைத் தொட வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பறப்புத்தளம் முழுக்க மீன் கண்ணோடு அதை இன்னொரு தரம் மூழ்கடிக்க வேண்டாம்.

சரி, மெஷினுக்கு வருவோம். உங்கள் விவரத்தைப் பார்த்தால் இது சந்தையில் ஏஎஸ்-186 என்றும், அதே அச்சில் வேறு பல பெயர்களிலும் வரும் மெஷின். ஆறில் ஒரு பங்கு குதிரைவலு மோட்டர், ஒரு பிஸ்டன், நிமிடத்துக்கு 20 முதல் 23 லீற்றர் காற்று. தாங்கியில் 4 பார், அதாவது 57 பிஎஸ்ஐ, ஏறியதும் பிரஷர் சுவிச் மோட்டரை நிறுத்தும். 3 பாருக்கு, அதாவது 43க்கு, இறங்கியதும் மறுபடி தொடங்கும். இதில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் தாங்கி 35க்கு மேல் ஏறுவதே இல்லை. 57ஐக் காணாத சுவிச் எப்படி நிறுத்தும்? அது தன் வேலைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே கடைக்காரர் யாராவது பிரஷர் சுவிச்சை மாற்றுங்கள் என்றால் காசை எடுக்காதீர்கள். அந்தச் சுவிச்சின் மேலிருக்கும் திருகாணியை முறுக்கி 35இல் நிற்க வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். காய்ச்சல்காரனுக்குத் தேர்மோமீற்றரை மாற்றிக் கொடுப்பது மாதிரி அது.

ஆனால் ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த மெஷினில் மானி, காற்றின் அமுக்கத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேற்றரில் பூட்டியிருக்கும். அது காட்டுவது எயார்பிரஷுக்குப் போகும் அமுக்கத்தை. தாங்கிக்குள் இருப்பதை அல்ல. ரெகுலேற்றரை 35இல் வைத்துவிட்டு மானி 35ஐத் தாண்டவில்லை என்று கவலைப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். குமிழை மேலே இழுத்து, வலப்பக்கமாக முழுதும் திருகித் திறந்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் 35 என்றால்தான் அது தாங்கியின் உண்மையான அமுக்கம்.

இனி முக்கியமான சோதனை. காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும். எயார்பிரஷ் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த வாயை ஒரு மூடியால் இறுக்கி அடையுங்கள். மூடி இல்லையென்றால் எயார்பிரஷைப் பூட்டியபடி வைத்து, தாங்கியில் கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டு, எயார்பிரஷின் மூக்கை ஒரு கிளாஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் எயார்பிரஷின் உள் வால்வு கசிகிறது, கொம்பிரசரில் குற்றமில்லை. வராவிட்டால் மெஷினைப் போடுங்கள். ஏறுகிற அளவுக்கு ஏறட்டும். 35இல் நின்றதும் சுவரில் சுவிச்சை நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம்.

முள் இறங்கினால் எங்கோ கசிவு. முள் அசையாமல் அப்படியே நின்றால் கசிவு இல்லை, பம்ப் பலமிழந்துவிட்டது. இந்த ஒரு முடிவு தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. நான் குளிரூட்டி வேலையில் இருப்பவன், காற்றும் வாயுவும் கசியும் இடம் தேடுவதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் ஒரு மாரியில் என் சொந்த மெஷின் இதே மாதிரி நிற்காமல் ஓடியபோது, நேரே சிலிண்டர் தலையைத் திறந்து புதுச் சீல் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பூட்டிப் போட்டால் பழையபடியே ஓடுகிறது. கடைசியில் தாங்கியின் அடிவயிற்றில் தண்ணீர் வெளியேற்றும் அந்தச் சின்ன வால்வுக்குள், அரிசிக் குருணையில் பாதி அளவு துருத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. கீழே ஒரு கடதாசியைப் பிடித்திருந்தால் அது பறப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். வெட்கக்கேடு.

முள் இறங்குகிறது என்றால் சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். மின் பகுதிகளில் படக் கூடாது, பிளக் கழன்றிருக்க வேண்டும். பெரிய கசிவு உடனே பொங்கும். சின்னக் கசிவுக்குப் பொறுமை வேண்டும். மூட்டின் ஓரத்தில் கடுகு கடுகாக வெள்ளை நுரை அரை நிமிடம் கழித்துத்தான் எழும்பும். ஹோஸின் இரண்டு முனை, ரெகுலேற்றர் குமிழுக்குக் கீழே இருக்கும் சின்னத் துளை, ட்ராப் கிண்ணத்தின் விளிம்பு, பாதுகாப்பு வால்வின் வளையம், அடி வால்வு, சிலிண்டரிலிருந்து தாங்கிக்கு வரும் குழாயின் இரு நுனி. ரெகுலேற்றர் துளையில் நுரை வந்தால் உள்ளிருக்கும் றப்பர்த் தகடு கிழிந்திருக்கிறது. அந்தப் பகுதியை முழுதாக மாற்றுவது மலிவு. மற்ற மூட்டுகளைக் கழற்றி, பழைய டெஃப்லோன் நாடாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று நாலு சுற்றுப் புதிதாகச் சுற்றிப் பூட்டுங்கள். பழையதன் மேலேயே சுற்றினால் இரண்டு மாதத்தில் திரும்பவும் இதே கதைதான். கழற்ற முன் தாங்கியில் காற்று இல்லை என்பதை நிச்சயப்படுத்துங்கள்.

முள் அசையவில்லை என்றால் அடுத்த சோதனைக்கும் மணிக்கூடுதான். தாங்கி 3 லீற்றர். அதை 4 பாருக்கு நிரப்ப 12 லீற்றர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 20 லீற்றர் என்பது எதிர் அமுக்கம் இல்லாதபோது வரும் கணக்கு. அமுக்கம் ஏற ஏறக் குறையும். ஆகவே நல்ல மெஷின் ஒன்று வெறுந் தாங்கியிலிருந்து 57க்கு ஏற ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் எடுக்கும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் சீல் தேயத் தொடங்கிவிட்டது. புதிது வாங்கினால் முதல் நாளே இந்த நேரத்தை அளந்து மெஷினின் அடியில் எழுதி ஒட்டி வையுங்கள். பிற்காலத்தில் எந்த நிபுணரையும்விட அந்தத் துண்டுக் கடதாசி உங்களுக்கு உதவும்.

பம்ப்தான் என்று உறுதியானால் முதலில் காற்று இழுக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கறுப்பு மூடிக்குள் ஒரு கம்பளித் துண்டு இருக்கும். பெயின்ட் தூசியும் எண்ணெயும் ஊறி அது தோல் மாதிரி ஆகியிருந்தால் பம்ப் மூச்சுத் திணறும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அது இல்லையென்றால் சிலிண்டர் தலை. நாலு திருகாணி, அவ்வளவுதான். தலைக்குள் வால்வுத் தகடு ஒன்று இருக்கும், அதில் காகிதம் போன்ற மெல்லிய எஃகு நாக்குகள். காற்று ஒரு பக்கம் போகும்போது திறக்கும், மறுபக்கம் தள்ளும்போது படிந்து மூடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நாக்கு படியும் இடத்தில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலே போதும், ஒவ்வொரு அடிக்கும் அவ்விடத்தால் காற்றுத் திரும்பும். உங்கள் ஊர்ப் பெயரில் உப்பு, உவர்மலையில் இருக்கும் என் ஊர்ப் பெயரில் உவர். நம்மிருவர் வீட்டுக் காற்றும் இந்த நாக்குகளுக்கு ஆகாது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 1000 நம்பர் வோட்டர் பேப்பரை வைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தகட்டை எட்டு வடிவத்தில் மெல்ல நகர்த்தித் தேய்த்தால் புள்ளி போய்விடும். நாக்கைத் தேய்க்க வேண்டாம்; அது வளைந்தால் அதோடு முடிந்தது. உங்கள் எண்ணெய்க் களிம்பும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள்.

கிண்ணச் சீலைப் பாருங்கள். அதன் விளிம்பு மேல்நோக்கி எழுந்து சிலிண்டர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தேய்ந்த சீலின் விளிம்பு ஒரு பக்கம் கண்ணாடித் தாள் போல மெலிந்திருக்கும், விரலால் தட்டினால் சுருங்கி நிற்கும். சீல், நாக்குத் தகடு, ஓ வளையம் எல்லாம் சேர்ந்த பொதியாக இணையத்தில் கிடைக்கும். கொழும்பு போகிறவர் யாரும் இருந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் வெறும் வாயால் கேட்டு வாங்க முடியாது. சிலிண்டரின் உள்விட்டத்தை வேர்ணியரால் அளந்து, பழைய சீலையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரே பெயரில் வரும் மெஷின்களிலேயே இரண்டு மூன்று அளவுகள் உண்டு. திரும்பப் பூட்டும்போது நாலு திருகாணியையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிண்டரில் நீளவாக்கில் கீறல் இருந்து, நகம் அதில் தடக்கினால் சீல் மாற்றுவது வீண். மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். அப்போதுதான் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி அந்த உறுமல். உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவையாகப்பட்டது இதுதான், ஏனென்றால் இரண்டு நோயும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. மெஷின் ஒழுங்காக 57ஐ எட்டி நிற்கும்போது பிரஷர் சுவிச்சிலிருந்து 'ட்ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வரும். முன்பு கேட்டிருப்பீர்கள். சிலிண்டருக்கும் தாங்கிக்கும் இடையிலிருக்கும் குழாயில் அடைபட்ட காற்றைத் திறந்துவிடும் சத்தம் அது. அடுத்த தடவை மோட்டர் தொடங்கும்போது பிஸ்டனுக்கு மேலே பாரம் இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் உங்கள் மெஷினை நிறுத்துவது பிரஷர் சுவிச் அல்ல, சூட்டுக் காப்பு. மோட்டர்ச் சுருளுக்குள் இருக்கும் அந்தக் காப்பு மின்சாரத்தை மட்டும் வெட்டும்; காற்றைத் திறக்காது. இருபது முப்பது நிமிடத்தில் ஆறித் தானாகச் சேரும்போது மோட்டர் பாரத்தோடு எழும்பப் பார்க்கிறது. முடியாமல் உறுமுகிறது.

பிளக்கைக் கழற்றுங்கள். பின்பக்கக் காற்றுத் துளைக்குள் ஒரு குச்சியை விட்டு விசிறியைச் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் உள்ளே பிடித்துவிட்டது. சுற்றினால் நல்லது. அடி வால்வைத் திறந்து தாங்கியை வெறுமையாக்கிவிட்டு மெஷினைப் போடுங்கள். வெறுந் தாங்கியோடு டக்கென்று தொடங்கினால் மோட்டர் சாகவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது இரண்டு சந்தேகம். ஒன்று செக் வால்வு, தாங்கிக்குள் போன காற்றைத் திரும்பி வராமல் தடுப்பது. சீல் தேய்ந்த பம்பில், குழாய்க்குள் அடைபட்ட கொஞ்சக் காற்று அந்த அரை மணித்தியாலத்தில் தானாகவே கசிந்து போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் தாங்கியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது. தாங்கிக்குள் குழாய் நுழையும் பித்தளை நட்டைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு றப்பர் வட்டும் வரும். நாலு வருடம் ஒரே இடத்தில் குந்தியிருந்த றப்பரில் மோதிரத் தழும்பு மாதிரி ஒரு வளையம் பதிந்திருக்கும். அதில் துருவோ டெஃப்லோன் தூளோ ஒட்டியிருந்தால் துடையுங்கள், வட்டை மறுபக்கம் புரட்டிப் போடுங்கள். புதிது கிடைக்கும் வரை பல மாதம் ஓடும்.

மற்றது கப்பாசிற்றர். மோட்டர் உறைக்குள் சின்ன உருளையோ பெட்டியோ ஒன்று, இரண்டு வயரோடு. அது பலமிழந்தால் மோட்டருக்குத் தொடங்கும் உந்து கிடைக்காது. ஓடத் தொடங்கினாலும் சூடு கூடும். மேலே மைக்ரோஃபரட் கணக்கும் வோல்ட் கணக்கும் அச்சடித்திருக்கும். கப்பாசிற்றர் அளக்கும் மல்டிமீற்றரில் அச்சடித்ததைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைந்து காட்டினால் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபரட், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. மின்விசிறி திருத்தும் கடைகளில் கிடைக்கும் வகைதான். பழையதைக் கையில் கொண்டு போங்கள். தொட முன் அதன் இரண்டு முனையையும் ஒரு மின்தடையால் இணைத்து இறக்கிவிடுங்கள். ஸ்குரூட்ரைவரால் பொறி பறக்கவிட்டுக் காட்டும் வீரம் நமக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். நீட்டு வயர் போட்டு ஓட்டுகிறீர்களா? மேசை விளக்குக்குப் போடும் மெல்லிய வயரைப் பத்து மீற்றர் இழுத்துச் சுருட்டி வைத்தால், தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் விழுந்து இதே உறுமல் வரும். நேரே சுவர் பிளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கப்பாசிற்றருக்குப் போக வேண்டும்.

என் ஊகம் இது: உங்கள் மெஷினில் சீல் தேய்ந்திருக்கிறது, செக் வால்வு அழுக்காயிருக்கிறது, கப்பாசிற்றர் நடுவழியில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துச் செய்தாலும் புதிது வாங்கும் விலையில் ஒரு சின்னப் பங்குதான். ஆகவே முதலில் திருத்துங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு விஷயம் மாறாது, அதை அறிந்துகொள்ளுங்கள். 3 லீற்றர்த் தாங்கி மெஷினுக்கு ஓய்வு கொடுப்பதற்காக வைத்ததல்ல. 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது அது கொடுப்பது 3 லீற்றர் காற்று மட்டும். 0.3 மில்லிமீற்றர் நொசில் எயார்பிரஷ் ஒன்று நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் குடிக்கும். பதினைந்து விநாடியில் மோட்டர் திரும்பத் தொடங்கிவிடும். அந்தத் தாங்கியின் வேலை பிஸ்டனின் துடிப்பை அடக்கி, கோடு நடுங்காமல் காற்றை ஒழுங்காக்குவது. ஆகவே இருபது நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மேசைக்குக் கீழே துணி மூடி வைக்காதீர்கள். தின்னர் ஆவி தேங்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. பிரஷர் சுவிச் ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் உள்ளே சின்னப் பொறி ஒன்று விழும்.

அப்புறம் தண்ணீர். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது பெரிய பிரச்சினை இல்லை. வாடை தொடங்கி மாரி இறங்கினால் வேறு கதை. 30 பாகை வெப்பத்தில், 80 வீத ஈரப்பதத்தில், ஒவ்வொரு ஆயிரம் லீற்றர் காற்றிலும் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை 4 பாருக்கு நெருக்கி ஆறவிட்டால் ஆறு கிராமைத்தான் தாங்கும், மிச்சம் தண்ணீராக விழும். இந்த மெஷின் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இழுப்பது ஆயிரத்துச் சொச்சம் லீற்றர். அதாவது ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தண்ணீர். எல்லாம் தாங்கியில் விழுந்தால் பரவாயில்லை. ஆனால் சூடான காற்று ட்ராப்பை ஆவியாகவே கடந்து, ஹோஸில் ஆறி, அங்கே துளியாகி, நீங்கள் கப்பலின் பக்கத்தில் மெல்லிய சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருக்கும்போது 'ப்பட்' என்று துப்பும். கொம்பிரசரில் இருக்கும் ட்ராப் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். ஹோஸை நீளமாக்கி, நடுவில் இரண்டு சுற்றுச் சுருட்டித் தரையில் போட்டு, எயார்பிரஷுக்கு அடியில் பூட்டும் சின்ன ட்ராப் ஒன்றையும் சேருங்கள். காற்று வழியில் ஆறும், துளியானது கைக்கருகே பிடிபடும். எயார்பிரஷ் கிண்ணத்துக்குள் குமிழி வருவதையும் சிலர் தண்ணீர் என்று நினைப்பார்கள். அது நொசில் தளர்ந்ததன் அல்லது வெடித்ததன் அடையாளம், கொம்பிரசரைத் திட்ட வேண்டாம்.

மாற்று வழிகளைப் பற்றிக் கேட்டீர்கள். 12 வோல்ட் டயர் பம்ப் வேண்டாம். காற்றைத் துடிதுடித்துத் தள்ளும், பத்து நிமிடத்தில் கொதிக்கும். அவசரத்துக்கு வேண்டுமென்றால் அதால் ஒரு கார் டயர் ரியூப்பை 30 பிஎஸ்ஐ வரைக்கும் நிரப்பி, அந்தக் காற்றை ரெகுலேற்றர் வழியாக எடுக்கலாம். ஒரு கப்பலின் அடித்தளப் பூச்சுக்கு நாலைந்து தடவை எழும்பிப் போய்க் காற்றடிக்க வேண்டிவரும். ரியூப்பை டயருக்குள் வைத்து நிரப்புங்கள், வெறும் ரியூப்பாக நிரப்பினால் வீங்கி வெடிக்கும்.

பிரிட்ஜ் கொம்பிரசர் என் தொழில் என்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. சத்தமே இல்லை, நடு இரவில் பிள்ளை நித்திரையாக இருக்க ஓட்டலாம். ஆனால் அது எண்ணெயில் ஓடுவது, காற்றோடு எண்ணெய்த் தூவலும் வரும். நல்ல எண்ணெய் வடிகட்டி இல்லாமல் மீன் கண்தான். தானாக நிற்கத் தெரியாது, குழாய் வெடிக்கும் வரை ஏற்றிக்கொண்டே போகும். பிரஷர் சுவிச்சும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம். அமுக்கத்துக்கு எதிரே தொடங்கவும் அதற்கு வராது, நிறுத்தும்போது காற்றைத் திறந்துவிடும் ஏற்பாடு வேண்டும். உள்ளே இருக்கும் வாயுவைக் குழாயை வெட்டி வெளியே விடாமல், அதற்கான இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுப்பியுங்கள். இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் சும்மா கிடைத்தது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

வெல்டிங் கடை நண்பர் ஒட்சிசன் சிலிண்டர் தருகிறேன் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெயின்டும் தின்னரும் ஒட்சிசனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

நமக்கு மட்டும் வாய்த்த ஒரு வழி இருக்கிறது: சுழியோடும் சிலிண்டர். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் சுழியோடும் நிலையங்கள் இருக்கின்றன. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர், 200 பார். அப்படியென்றால் 2,200 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் மூன்று மணித்தியாலம். சத்தமில்லை, சூடில்லை, எல்லாவற்றையும்விட அந்தக் காற்று நன்றாகக் காய்ந்தது. ஒரு தரம் அதில் அடித்துப் பார்த்தால் திரும்பக் கொம்பிரசருக்கு வர மனம் வராது. சிலிண்டரில் பூட்டும் முதற்கட்ட ரெகுலேற்றர் அமுக்கத்தை ஒன்பது பத்துப் பாருக்குக் கொண்டு வரும். அதன் பின்னால் இன்னொரு ரெகுலேற்றர் போட்டு ஒன்றரை பாருக்கு இறக்க வேண்டும். இடையில் ஒரு பாதுகாப்பு வால்வை மறக்கக் கூடாது. கடலில் சுவாசிக்கும் இரண்டாம் கட்டம்தான் அமுக்கம் மிஞ்சினால் திறந்துவிடும். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் காற்றுக்கு உங்கள் ஹோஸைத் தவிர வேறு வழியில்லை. இதில் ஒரே கவலை, சுழியோடும் காலம் கச்சான் மாதங்கள்தான். காய்ந்த காற்று உண்மையில் தேவைப்படும் மாரியில் பெரும்பாலான நிலையங்கள் பூட்டியிருக்கும்.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பாதை. படுக்கையறையின் மூலையில் அடிப்பவருக்கு அதே ஏஎஸ்-186 வகையே போதும், இரண்டு பிஸ்டன் உள்ளதென்றால் இன்னும் நல்லது. பின் விறாந்தையோ கொட்டிலோ இருந்தால், ஹார்ட்வெயார்க் கடையில் கிடைக்கும் 24 லீற்றர் எண்ணெயில்லா, சத்தம் குறைந்த வகையை நான் எடுப்பேன். சுவிச் 8 பாரில் நிறுத்தி 6 பாரில் தொடங்குவதாக இருந்தால் இடையில் 48 லீற்றர் காற்று; நாலு நிமிடம் மோட்டர் தொடங்கவே மாட்டாது. மெஷினை வெளியே வைத்துவிட்டுச் சுவர் வழியாக நீண்ட ஹோஸை உள்ளே எடுத்தால் சத்தமும் வெளியே, காற்றும் வழியில் ஆறிவிடும். எயார்பிரஷின் மரை அரைக்கால் அங்குலம், கடை மெஷினின் மரை பெரும்பாலும் கால் அங்குலம். இடையில் போடும் இணைப்பையும் சேர்த்து வாங்குங்கள். அதில் வரும் ரெகுலேற்றர் டயருக்கும் ஸ்பிரே துப்பாக்கிக்கும் ஏற்றது, 15 பிஎஸ்ஐக்கும் 25 பிஎஸ்ஐக்கும் இடையில் நிதானமாக நிற்காது. எயார்பிரஷுக்கென்று ஒரு சின்ன ரெகுலேற்றர் தனியாகப் போடுங்கள். பெரிய குதிரைவலுவைக் காட்டி விற்க வருவார்கள். நமக்கு வேண்டியது தாங்கியின் கொள்ளளவு.

கனடாவில் இருக்கும் மாமா ஒன்று அனுப்பலாம் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் வாங்குவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மெஷின். வோல்டேஜை ட்ரான்ஸ்ஃபோமரால் இறக்கலாம், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்க முடியாது. 1,700 சுற்று ஓட வேண்டிய மோட்டர் இங்கே 1,450 சுற்றுத்தான் ஓடும். காற்றில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும், சூடு கூடும். மாமாவின் அன்புக்கு நல்ல எயார்பிரஷ் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், அதற்குக் கரண்ட் தேவையில்லை.

எந்த மெஷினாக இருந்தாலும், அடித்து முடித்ததும் அடி வால்வைத் திறந்து, காற்றோடு தண்ணீரையும் வெளியே விட்டு, இரவு முழுக்கத் திறந்தபடியே விடுங்கள். தாங்கி உள்ளே காயும். வரும் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. தாங்கியின் வெளியே எங்காவது பெயின்ட் கொப்பளித்து, தட்டினால் மெல்லிய சத்தம் வந்தால் அந்தத் தாங்கியை வெல்டு பிடிக்க வேண்டாம், கழித்துவிடுங்கள். அடுத்த நாள் மெஷினைப் போட்டதும் நிற்காமல் ஓடுகிறது, முள் ஏறவே இல்லை என்று எனக்கு எழுத முதல், குனிந்து அந்த வால்வை மூடினீர்களா என்று ஒருதரம் பாருங்கள்.